இடது ஓரத்துக் கண்ணிகள்

என் மனைவியின் தலைக்குள் ஒன்று வளர்கிறது என்பதை மருத்துவர்கள் கண்டுபிடிப்பதற்கு இரண்டரை மாதம் முன்பே அவளுடைய பின்னல் ஊசிகள் எனக்குக் காட்டிவிட்டன. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. அந்த அடையாளங்களை ஒவ்வொன்றாக என் கையாலேயே அழித்தேன். இந்த நான்கு வரிகளை எழுத எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

மறுபடியும் டிசம்பர் வந்துவிட்டது. அவள் ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து மஞ்சள் உல்லனில் குல்லா பின்னுகிறாள். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து அவள் இடது கை ஊசியின் கடைசி முனையைப் பார்க்கிறேன். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு இப்போதெல்லாம் எனக்குத் துணிவு குறைவு.

எங்கள் வீடு செகந்திராபாத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர்தான். நான் வேதியியல் படித்து ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். மனைவி பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகி வந்து நாற்பத்தைந்து வருடம் ஆகியும் அவள் தமிழில் தெலுங்கோ உருதுவோ ஒட்டவில்லை. ஒரே மகள் கச்சிபௌலியில் பதினேழாவது மாடியில் கணவனோடும் பெண்ணோடும் இருக்கிறாள். எங்கள் பேத்தி நாங்கள் பேசுவதை எல்லாம் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ரகம்.

எங்கள் தமிழ்த் திருச்சபையின் பெண்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் முதல் ஞாயிறு தொடங்கி ஆளுக்குக் கொஞ்சமாக, பிறந்த குழந்தைகளுக்கான குல்லாக்களை வீட்டிலேயே பின்னுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த வாரம் பிறந்த பிள்ளைகளின் தலையில் அம்மாக்களின் அனுமதியோடு போட்டுவிட்டு வருவார்கள். இந்த ஊர் டிசம்பர் காலையில் அந்தத் தலைகளுக்கு அது தேவைதான். மற்றவர்கள் பின்னிக் கொண்டுவரும் குல்லாக்களைச் சோதித்து எடுக்கும் பொறுப்பு என் மனைவிக்கு. குல்லாவைத் தன் முஷ்டியின் மேல் மாட்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சின்ன ஓட்டை இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "பிள்ளை விரல மாட்டிக்கிடும்" என்பாள். யாருக்காகவும் அதில் இளகமாட்டாள். நான் பக்கத்தில் இருந்தால், "என்ன பாக்கீங்க, பேட்ச் நம்பர் போடணுமோ?" என்று என் பழைய வேலையைக் குத்திக் காட்டுவாள்.

எனக்கும் பின்னத் தெரியும். ஊரடங்குக் காலத்தில் வேறு வேலையில்லாமல் அவளிடம் கற்றுக்கொண்டேன். ஊசியில் ஏறி நிற்கும் வளையம் ஒவ்வொன்றையும் அவள் கண்ணி என்பாள். குல்லாவுக்கு அறுபத்து நான்கு கண்ணி ஏற்ற வேண்டும். இடது ஊசியில் இருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பின்னி வலது ஊசிக்கு மாற்ற வேண்டும். இடது ஊசி காலியானால் ஒரு வரிசை முடிந்தது. பிறகு ஊசிகளைக் கை மாற்றித் திருப்பிப் பிடித்து அடுத்த வரிசை. அவ்வளவுதான். அவள் பின்னல் தளர்வாக, மெத்தென்று இருக்கும். என் பின்னல் இறுகிப்போய் இருக்கும். "குல்லாவா, மாத்திரை டப்பா மூடியா?" என்று அவள் சிரித்தாள். நான் பின்னுவேன் என்பது சபையில் யாருக்கும் தெரியாது. எனக்கு வெட்கம்.

போன வருடம் டிசம்பர் முதல் ஞாயிறு மத்தியானம் நட்சத்திரம் செய்ய உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய நட்சத்திரம் தொங்கியதில்லை. மூங்கில் குச்சிகளை நான் சீவிக் கட்டிக் கொடுப்பேன், அவள் கண்ணாடித் தாள் ஒட்டுவாள். அன்றும் சட்டத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் காபி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது முடிந்துவிட்டதென்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து முனைகளில் மூன்றுக்குத்தான் தாள் ஒட்டியிருந்தது. மற்ற இரண்டும் வெறும் குச்சியாக நின்றன. பசை காயட்டும் என்று விட்டிருக்கிறாள் என நினைத்தேன். "தொங்க விடுங்க" என்றாள். முழுவதும் ஒட்டிய நட்சத்திரத்தைப் பார்ப்பவளின் திருப்தி அவள் முகத்தில் இருந்தது.

தாள் தீர்ந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். தட்டில் தாள் மீதி இருந்தது. அவள் தூங்கப் போனதும் மீதி இரண்டு முனைகளையும் நானே ஒட்டி வாசலில் தொங்கவிட்டேன். அதுதான் முதல்.

அந்த வாரம் மற்ற சில சங்கதிகளும் நடந்தன. சமையலறைக்குள் போகும்போது இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். மறுநாளும் இடித்தாள். மேல் கையில் நீலம் பாரித்திருந்தது. கேட்டால், எப்போது பட்டதென்றே தெரியவில்லை என்றாள். ஆராதனைக்குக் கோயிலுக்குக் கிளம்பியவள் வலது காலில் மட்டும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்கினாள். நான் மற்றதை எடுத்து அவள் காலருகே வைத்தேன். "நீங்க ஒருத்தரு, எல்லாத்துக்கும் அவசரம்" என்றாள், நான்தான் அவளை அவசரப்படுத்தியது போல.

அடுத்து குல்லா. முதலில் முடித்ததை என்னிடம் கொடுத்துப் பையில் வைக்கச் சொன்னாள். ஓரங்களில் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தன. ஓரம் நேராக இல்லாமல் நெளிந்து கிடந்தது. அவளே வேறொருவர் பின்னியதென்றால் ஒரே பார்வையில் திருப்பிக் கொடுத்திருப்பாள். இரு ஓரத்திலும் ஓட்டை இருந்ததால், வயதாகிறது, கை தவறியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் இரண்டு மணி நேரம் தூங்குவாள். அந்த நேரத்தில் பின்னறையில் உட்கார்ந்து குல்லாவை அடிவரை அவிழ்த்து, அதே நூலில் நானே பின்னி முடித்தேன். கையில் வேகம் வந்துவிட்டது. இரண்டு நாளைக்கு ஒன்று முடித்தேன். அவள் முன்னறையில் பின்னுவாள், நான் பின்னறையில் அவிழ்ப்பேன். அந்த டிசம்பரில் அவள் பெயரில் போன பத்துக் குல்லாக்களும் நான் பின்னியவை.

சங்கத்துச் செயலாளர் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். ஐம்பது வயதிருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பையை எடுத்துப் போக வந்தவள் குல்லாக்களை மேஜையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, கைக்கு மிஷின் ஏதும் பொருத்திக்கிட்டீங்களா? ஒரு கண்ணி கூட ஏறி இறங்கலியே" என்றாள். என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் புகழ்ச்சி என் நெஞ்சுக்குள் இனித்தது என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். வெட்கப்பட்டு மறைத்த கைவேலையை ஒருத்தி கண்ணெதிரே பாராட்டுகிறாள். அன்று மத்தியானம் இன்னும் கவனமாகப் பின்னினேன். மனைவிக்கு என்ன ஆகிறது என்ற பயத்தின் நடுவே இப்படி ஒரு சந்தோஷமும் எனக்குள் இருந்தது.

அந்தப் பயத்துக்கு உருவம் கொடுத்தது ஆட்டுக்குட்டி.

எங்கள் கிறிஸ்துமஸ் குடிலில் உள்ள உருவங்கள் எல்லாம் உல்லனில் பின்னியவை. வருடத்துக்கு ஒன்று சேர்ப்பாள். கழுதைக்கு ஒரு காது சின்னது, மேய்ப்பனுக்கு மீசை பெரியது, எல்லாவற்றுக்கும் ஒரு கதை உண்டு. அந்த வருடம் ஓர் ஆட்டுக்குட்டி. உடம்பைப் பின்னிப் பஞ்சு அடைத்து, கால்களைத் தனியாகப் பின்னித் தைத்தாள். முடித்துக் குடிலில் வைத்தாள். அது விழுந்தது. எடுத்து நிறுத்தினாள். மறுபடி விழுந்தது. "நொண்டிக்குட்டி போலிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நான் கையில் எடுத்துப் பார்த்தேன். நான்கு கால்களும் உடம்பின் ஒரே பக்கத்தில் இருந்தன. வயிற்றின் வலப்பாதியில் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, நேர்த்தியான தையலில், வரிசையாக நான்கு. இடப்பாதி மழமழவென்று வெறுமையாக இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு பாடம் உண்டு. மாத்திரைகளில் குறை அங்குமிங்கும் சிதறி இருந்தால் வேலை செய்தவர்களைப் பார். எல்லாக் குறையும் ஒரே பக்கம் இருந்தால் இயந்திரத்தைத் திற. அவள் திரும்பி வந்து ஊசியை எடுத்ததும் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் பின்னுவதைப் பார்த்தேன். அரைமணி நேரம் பேப்பர் படிப்பது போலப் பார்த்தேன். ஒவ்வொரு வரிசையிலும் இடது ஊசியின் கடைசியில் மூன்று நான்கு கண்ணிகள் மீதம் இருக்கும்போதே வரிசை முடிந்ததென்று திருப்பிவிட்டாள். திருப்பிய பிறகு துணியின் மறு ஓரம் அவளுக்கு இடது பக்கம் வரும். அதிலும் கடைசிக் கண்ணிகளை விட்டுவிட்டாள். துணியில் இரு ஓரமும் கெட்டிருந்ததற்கு அதுதான் காரணம். அவளைப் பொறுத்தவரை விட்டதெல்லாம் ஒரே பக்கம். நட்சத்திரம், நிலை, செருப்பு, ஆட்டுக்குட்டி எல்லாம் ஒரே பக்கம். அவளுக்கு இடது பக்கம் என்ற ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. தலைக்குள் கோளாறு என்பதைப் புரிந்துகொள்ள டாக்டர் தேவையில்லை. அறிவியல் படித்தவன் நான்.

மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய நாள் அது. போகவில்லை. அன்று மத்தியானம் ஆட்டுக்குட்டியின் கால்களைப் பிரித்து இரண்டு பக்கமும் சரியாகத் தைத்தேன்.

ஏன் போகவில்லை என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று சொல்லிக்கொண்டேன். குல்லா வேலை முடியும்வரை அவளைக் கலக்க வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டேன். மகளிடம் சொன்னால் எங்கள் இருவரையும் அந்தப் பதினேழாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவாள், இந்த வீட்டைப் பூட்டிவிடுவாள் என்ற கணக்கும் உள்ளே ஓடியது. இவற்றுக்கெல்லாம் அடியில், டாக்டர் வாயிலிருந்து வரப்போகும் சொல்லைக் கேட்க எனக்குப் பயம். கேட்காதவரை அது இல்லை என்று நடந்துகொண்டேன்.

ஆலையில் எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரை நான் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். ஒரே மருந்து மாதிரியை மூன்று முறை சோதித்து, தேறிய முடிவை மட்டும் பதிவேட்டில் எழுதினார். தவறியதை எழுதவில்லை. கேட்டபோது, சார், யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லையே என்று தெலுங்கில் கெஞ்சினார். தவறியதை அழிப்பவனுக்கு இங்கே இடமில்லை என்று நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பின்னறையில் உட்கார்ந்து நூலை அவிழ்க்கும்போது அவர் முகம் வரும். அவிழ்த்துக்கொண்டே இருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்ததை எழுதாமல் இங்கே நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது. ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் மோசமானது.

அவள் பையிலிருந்து ஒரு குல்லாவை எடுத்து முஷ்டியில் மாட்டித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது யாரு பின்னுனது?"

"நீதான்."

"என் கை இப்படி இறுக்காதே."

"நேத்து நீ முடிச்சதுதான். நானே பையில எடுத்து வச்சேன்."

"என் கை எனக்குத் தெரியாதா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. யாராவது ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

அந்த ஒரு நிமிடத்தில் அவள் என்னிடம் வழி கேட்டாள். தனக்கு ஏதோ ஆகிறது என்று அவளுக்கும் பட்டிருக்கிறது. நான் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"வயசாகுது. கையும் மாறத்தான் செய்யும். உனக்கு இப்ப மறதி வேற ஜாஸ்தி ஆயிட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குல்லாவை மடித்துப் பையில் வைத்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மறுநாள் செயலாளர் மற்றவர்களின் குல்லாக்களோடு வந்தபோது, என் மனைவி பையைத் தொடக்கூட இல்லை. இனிமேல் நீயே பார்த்து எடுத்துக்கொள், என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை என்று சொன்னாள். "நக்கோ அக்கா, அப்படிச் சொல்ல வேணாம், நீங்க பாக்காம எப்படி?" என்று அந்தப் பெண் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். அவள் அசையவில்லை. இருபது வருடம் செய்த வேலையை என் ஒரு பொய்க்காக விட்டுவிட்டாள். நோய் அதுவரை அவளிடமிருந்து ஒரு பக்கத்தைத்தான் எடுத்திருந்தது. மறுபக்கத்தை நான் எடுத்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று மகள் குடும்பத்தோடு வந்தாள். பிரியாணி. என் மனைவி தட்டின் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைக்க எழப்பார்த்தாள். இடப்பாதியில் சோறு அப்படியே இருந்தது. நான் பச்சடி எடுப்பது போல அவள் தட்டை அரைச்சுற்று திருப்பி வைத்தேன். அதற்குள் அது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அவள் மீதியையும் புதிதாகக் கண்டவள் போலச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"அப்பா, எதுக்கு அம்மா பிளேட்ட சுத்துறீங்க?" என்றாள் மகள்.

"லெக் பீஸ் அந்தப் பக்கம் ஒளிஞ்சுகிட்டு இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி தன் தட்டையும் சுற்றிவிட்டுச் சிரித்தாள். மகளின் கண் மட்டும் ஒரு கணம் அம்மாவின் தட்டில் நின்று மீண்டது. நான் பேச்சை அவள் ஆபீஸ் பக்கம் திருப்பினேன். அம்மாவின் குல்லாவைச் சபையில் எல்லோரும் மெச்சினார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

பிறகு புத்தாண்டு முடியட்டும் என்று இருந்தேன். அதன்பின் மகளுக்கு ஆபீஸில் ஏதோ பெரிய வேலை, அது முடியட்டும். ஜனவரியில் அவள் ஊசியைத் தொடவில்லை. பின்னல் இல்லாததால் எனக்கு அளக்கவும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. குறையவில்லை, கூடவும் இல்லை என்று நம்பினேன். தினமும் தட்டைத் திருப்பினேன்.

பிப்ரவரியில் ஒரு காலை, காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, எங்கள் சந்து முனையில் அவள் சாலையில் இறங்கி நடந்தாள். இடது பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. வேகமாகக்கூட வரவில்லை. ஹாரன் அடித்தார்கள். எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். இல்லாத ஒரு பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு அவள் எப்படி விலகுவாள்? நான் இரண்டு பைகளோடு நான்கு அடி பின்னால் இருந்தேன். எப்போதும் அவள் இடது பக்கம் நடந்து மறைத்துக்கொள்வேன், அன்று பை கனத்துப் பின்தங்கிவிட்டேன்.

விழுந்ததில் பெரிய அடி இல்லை. தலைக்கு எதற்கும் எடுத்துவிடலாம் என்று எடுத்த ஸ்கேனில் அது தெரிந்தது. மூளையின் வலது பக்கம், இடது பக்கத்தைக் கவனிக்கும் பகுதியில், எலுமிச்சம்பழம் அளவில். மெதுவாக வளரும் வகை, புற்று இல்லை, ஆனால் சுற்றி வீக்கம் அதிகம் என்றார் மருத்துவர். எவ்வளவு நாளாக அறிகுறி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். மகள் பக்கத்தில் போனில் குறித்துக்கொள்ளத் தயாராக நின்றாள்.

"பத்துப் பதினஞ்சு நாளா" என்றேன்.

மகள் அதைக் குறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரித் தாளில் அதுதான் இன்றும் இருக்கிறது.

அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்தாள். முழுவதும் எடுக்க முடியவில்லை. ஓரிடத்தில் ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்துவிட்டதால் அங்கே கொஞ்சம் விட்டுவிட்டோம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்கள். முன்பே வந்திருந்தால் இவ்வளவு விட வேண்டியிருந்திருக்குமா என்று நான் இதுவரை கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டுமானால் சரியான தேதியைச் சொல்ல வேண்டும்.

கோடை முழுவதும் பயிற்சிக்குப் போனோம். பயிற்சி கொடுத்த பெண் அவள் இடது மணிக்கட்டில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டாள். எதைச் செய்தாலும் அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும். மெல்ல மெல்லத் திருப்பக் கற்றுக்கொண்டாள். செருப்பு இரண்டும் கிடைத்தன. தட்டு முழுவதும் தீர்ந்தது. ஆகஸ்டில் எடுத்த ஸ்கேனில் மிச்சம் இருப்பது அப்படியே இருக்கிறது என்றார்கள். இந்த டிசம்பரில் அவளாகவே உல்லனை எடுத்தாள். நான் பின்னறையில் இருந்த என் ஊசிகளைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். யாருடையது என்று அவள் கேட்டாள். வீட்டில் கிடந்தது என்றேன்.

இதுவரை எழுதியது நேற்று. இன்றைக்கு இதோடு முடித்துவிடலாம் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும். நிமிர்ந்து பார்த்தேன். அவள் வரிசையை முடித்துத் திருப்பினாள். இடது ஊசியில் மூன்று கண்ணிகள் பின்னாமல் நின்றன. தப்பாகப் பார்த்திருப்பேன் என்று எழுந்து அருகில் போனேன். அடுத்த வரிசையிலும் மூன்று. மணிக்கட்டில் சிவப்பு நாடா இருந்தது. அவள் தலை அந்தப் பக்கம் திரும்பவில்லை. கீழே மடியில் கிடந்த துணியைப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஓட்டைகள் இருந்தன. இன்றைக்கு ஆரம்பித்ததல்ல. நேற்று இந்த மேஜையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அது நடந்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கிறது. ஸ்கேன் தேதி பிப்ரவரியில். என் மனம் உடனே கணக்குப் போட்டது. விழா முடியட்டும் என்றது. ஒரு வருடம் கழித்தும் அதே குரல், ஒரு சொல் மாறாமல்.

நான் அவள் வலது பக்கம் வந்து நின்றேன். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"ஏங்க, சரியா வருதா?" என்றாள். போன டிசம்பருக்குப் பிறகு இப்படி என்னிடம் அவள் ஒன்றையும் கேட்டதில்லை.

"இல்ல. மூணு கண்ணிய விட்டுட்ட."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

துணியைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்ப முயன்று, பாதியில் நிறுத்தினாள்.

"போன வருசம் விட்டதும் அந்தப் பக்கந்தானா?"

"ஆமா."

"எத்தன குல்லா?"

"பத்தும்."

"நான் அன்னைக்கே கேட்டேம்லா" என்றாள்.

"கேட்ட."

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். நான் பழக்கத்தில் கையை நீட்டினேன், துணியை வாங்கிக்கொள்ள. அவள் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக்காதீங்க. இப்படியே டாக்டர் பாக்கட்டும்."

மகளை அழைத்தேன். ஆபீஸில் இருந்தாள். கண்ணிகளைப் பற்றிச் சொன்னேன். பிறகு, நேரில் வா, போன வருடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். "அந்த பிளேட் விஷயமாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வண்டி பிடித்து வருகிறேன் என்று வைத்துவிட்டாள்.

கச்சிபௌலியிலிருந்து இந்த நேரத்தில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஸ்கேன் உறைகள் உள்ள பையில் குல்லாவை ஊசிகளோடு அப்படியே வைத்திருக்கிறேன். தனியாக ஒரு தாளில் மருத்துவருக்காகத் தேதிகளை எழுதி முடித்தேன். முதல் வரி: போன வருடம் டிசம்பர் முதல் ஞாயிறு, நட்சத்திரத்தில் இரண்டு முனைகள். கடைசியில் கையெழுத்துப் போட்டேன்.

அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வாசல் அவளுக்கு இடது பக்கம் இருக்கிறது. மகள் உள்ளே வந்தாலும் அவளுக்குத் தெரியாது. எழுந்து போய் அவள் நாற்காலியை வாசல் வலது பக்கம் வரும்படி திருப்பி வைத்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.